நிலையான முகவரி

விண்ணப்பப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் தவறாமல் இருக்கும்: தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் இரண்டாவது கட்டத்தில் ஊரிலிருக்கும் உறவினர் யாருடைய கதவிலக்கத்தையாவது எழுதி நிரப்புவதுண்டு. இணையத்திலும் நம்மில் பெரும்பாலோர் குடக்கூலிக்காரர்களே. வீட்டு இணைப்புக்கு வரும் ஐ.பி. எண்ணை வழங்கும் டி.எச்.சி.பி. முறையில், அது நம்மிடம் இருக்கும் காலத்துக்குப் பெயரே குத்தகை. எண்களுக்குப் பஞ்சம் என்பதும் ஒரு காரணம். நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பங்கிட்டுத் தீர்ந்துவிட்டது.

எனக்கு நிலையான எண் தேவைப்பட்டது ஒப்பாரிக்காக. முதுகலை மாணவர்கள் சிற்றூர்களில் பதிவுசெய்த சில நூறு ஒலிக்கோப்புகள் என் வீட்டு வட்டில் இருக்கின்றன. அவற்றை எழுத்தில் பெயர்க்கும் மாணவர்கள் தத்தம் ஊர்களில் இருந்தபடியே கேட்க வேண்டும். பொதுவெளியில் ஏற்றிவிட்டால் எளிது; ஆனால் பாடியவர்கள் அதற்கு இசையவில்லை. ஒப்பாரியில் இறந்தவர் மட்டுமா வருகிறார்? அண்ணன் மனைவி, பங்காளி, தராமல் போன சீர் எல்லாம் பெயரோடு வரும். "படிக்கிற பிள்ளைக கேக்கட்டும் சார், சம்பந்தி வீட்டுக் காதுக்கு மட்டும் போயிறக்கூடாது" என்றார் ஒரு மூதாட்டி.

இணைய நிறுவனம் கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு தாள் தந்தது. அதில் ஐ.பி. எண், 255.255.255.252 என்ற சப்நெட் மாஸ்க், கேட்வே எண், டி.என்.எஸ். எண்கள். அந்த மாஸ்க்கின் பொருள் சுவையானது. நான்கே மனைகள் கொண்ட தெரு. முதல் மனையிலும் கடைசி மனையிலும் யாரும் குடியிருக்கக் கூடாது. மீதமுள்ள இரண்டில் ஒன்று நிறுவனத்தின் வாயில், மற்றது நம்முடையது. பழைய கணினியொன்றில் பி.எஃப்.சென்ஸ் என்னும் தீச்சுவர் மென்பொருளை நிறுவி, வெளிமுக இணைப்பில் டி.எச்.சி.பி. என்றிருந்ததை ஸ்டாட்டிக் என்று மாற்றி, அந்த எண்களை இட்டேன். உள்ளே, வட்டு இருக்கும் கணினிக்கு 192.168.1.10 என்ற எண்ணை அதன் மேக் அடையாளத்தோடு பிணைத்தேன். குத்தகைக்கு விடுபவை 100 முதல் 199 வரை என்று ஒதுக்கியதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

இனித்தான் உண்மையான கேள்வி. வெளியிலிருந்து தானாக வரும் எதையும் இந்தத் தீச்சுவர் உள்ளே விடாது. விடச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் துறையை நேரே திறந்துவிட்டால் மாணவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் 2017 மே மாதத்தில் வான்னக்ரை பரவியது அந்தத் துறையின் வழியாகத்தான். மேலும், நிலையான முகவரி நண்பருக்கு மட்டும் நிலையானதன்று. தீச்சுவரின் பதிவேட்டைத் திறந்தால், முன்பின் அறியாத எண்கள் இரவும் பகலும் வந்து கதவைத் தட்டிப் பார்த்திருப்பது வரிவரியாகத் தெரிகிறது.

ஆகவே வயர்கார்டுக்கு உரிய ஒரே ஒரு துறையை மட்டும் திறந்தேன். சரியான சாவியோடு வராதவருக்கு அது மறுமொழியே தராது. தட்டுபவருக்கு அங்கே கதவிருப்பதே தெரியாது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. அந்தச் சாவிக்கும் 192.168.1.10 தவிர வேறெதையும் தொட அனுமதியில்லை.

தீச்சுவர் என்ற சொல் கட்டடக்கலையிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இடையில் எழுப்பும் சுவர் அது. ஒப்பாரி விஷயத்தில் இந்தப் பழைய பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு வீட்டின் துயரம் இன்னொரு வீட்டில் பகையாகப் பற்றிக்கொள்ளக் கூடாது என்பதுதானே அந்த மூதாட்டி கேட்டது.

சென்ற வாரம் ஒரு மாணவி ஆய்வேட்டை ஒப்படைத்தாள். அன்று மாலையே அவளுடைய சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். அவளிடம் சொன்னபோது, "அதுதான் சார் முறை" என்றாள்.