வரைபடத்துக்குக் கொடுக்கும் பணம்

தோட்ட வீதி வேலையில் "மேலதிக வடிவமைப்புக் கட்டணம்" என்று ஒரு வரி வந்தாலே நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. கணக்குக் கேட்பது நம் உரிமை. ஆனால் கேகாலை, இரத்தினபுரி மலைகளில் கொங்கிரீட் போடுவது மட்டும் வீதி வேலை ஆகிவிடாது.

2016 மே 17 அன்று இதே கேகாலையின் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்தின் மேல் மண் விழுந்து நம் சனம் செத்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

இந்த மலைகளில் சில இடங்களில் மண்ணை வெட்டிய பிறகுதான் உள்ளே ஊற்று இருப்பது தெரியவரும். அப்போது மதகின் அகலம், தடுப்புச் சுவரின் அத்திவாரம், வடிகானின் சரிவு எல்லாவற்றையும் பொறியியலாளர் மறுபடி கணக்கிட வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பது நியாயம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய மண் பரிசோதனையை விட்டுவிட்டு, பிறகு அதையே மேலதிக வேலையாகக் காட்டிப் பணம் கேட்பது அநியாயம்.

தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவிடத் தடையாக இருந்த சட்டமே 2018இல்தான் திருத்தப்பட்டது. இவ்வளவு தாமதமாக நம் வீதிகளுக்கு வந்த பணம் மழையோடு கரைந்துவிடக்கூடாது.

உங்கள் தோட்டத்தில் வீதி வேலை தொடங்கினால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுத்தார்களா, மேலதிகக் கட்டணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.