செனாயிலிருந்து எதில் கிளம்புகிறீர்கள்?

வீட்டில் விமான சிமுலேட்டர் வைத்திருக்கும் ஜொகூர் நண்பர்கள் எந்த த்ராட்டில் (இன்ஜின் விசை லீவர்) வாங்கலாம் என்று கேட்டால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: செனாய் விமான நிலையத்திலிருந்து எதில் கிளம்பப் போகிறீர்கள்? ஏர் ஆசியாவின் ஏ320-லா, மலேசியா ஏர்லைன்ஸின் 737-லா, ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் 72-லா? மூன்றுக்கும் கை செய்யும் வேலை வேறு வேறு.

ஏர்பஸ் லீவர் ஒவ்வொரு நிலைக்கும் உரிய பள்ளத்தில் 'டக்'கென்று விழுந்து நிற்க வேண்டும். செனாய் ஓடுபாதையின் நீளம் 3,800 மீட்டர். அங்கே முழு விசை அநேகமாகத் தேவைப்படாது, குறைந்த விசைக்கான 'ஃபிளெக்ஸ்' நிலை போதும். எழும்பியபின் ஒரு பள்ளம் பின்னால் இழுத்து 'க்ளைம்ப்' நிலையில் விட்டால், ஆட்டோ த்ரஸ்ட் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், லீவர் அசையாது. சாயங்கால இடிமழையில் இறங்க முடியாமல் மறுபடி மேலே போகிறீர்கள் என்று வையுங்கள். ஃபிளெக்ஸைத் தாண்டி முழு விசையான 'டோகா' வரை ஒரே தள்ளு. கண் அப்போது கருவிகளில் இருக்கும். பள்ளத்தை விரல்தான் அறிய வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ ஏர்பஸ் குவாட்ரன்ட் இதற்கென்றே செய்தது.

737-இல் நிலைமை நேர்மாறு. நிஜ விமானத்தில் ஆட்டோ த்ராட்டில் மோட்டாரால் லீவரையே நகர்த்தும். வீட்டுக்கு வாங்கும் த்ராட்டில்களில் பெரும்பாலும் மோட்டார் கிடையாது. அதனால் ஆட்டோ த்ராட்டிலை அணைக்கும்முன் நம் லீவரைத் திரையில் உள்ள லீவர் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தவறினால் இன்ஜின் திடீரென்று சீறும், அல்லது அடங்கிப்போகும். இங்கே பள்ளங்கள் இடைஞ்சல். வழுக்காத, சீரான இறுக்கம் வேண்டும்.

எனக்குப் பிரியமானது ஏடிஆர். இரண்டு பவர் லீவர், இரண்டு கண்டிஷன் லீவர். பவர் லீவரை 'நாட்ச்'சில் வைத்தால் ஏற்றம், பயணம் எல்லாம் அங்கேயே. விசையை ஒரு திருகு மாற்றும். தரை தொட்டபின் ஃபிளைட் ஐடிலுக்குக் கீழே போக பவர் லீவரில் உள்ள ட்ரிகரைத் தூக்க வேண்டும். பவர், கண்டிஷன் இரண்டுக்கும் சேர்த்து நான்கு லீவராவது தேவை. ஹனிகோம்ப் பிராவோவில் ஆறு உண்டு, பிடிகளை மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் சென்சாரை விசாரியுங்கள். பொட்டென்ஷியோமீட்டரில் கார்பன் தடத்தின்மேல் ஒரு முனை உரசிக்கொண்டே ஓடும். தடம் தேயும், தூசி சேரும், நம் ஊர் ஈரக்காற்றும் சும்மா இருக்காது. கேலிபரேஷன் திரையைத் திறந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தால், யாரும் தொடாத லீவரின் எண் 48, 51, 47 என்று துடிக்கும். விமானத்தில் அது இன்ஜின் விம்முவதாகக் கேட்கும். ஹால் சென்சாரில் காந்தம் மட்டுமே நகர்கிறது, உரசல் இல்லை. விலை சற்றுக் கூடினாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

பழையது வாங்குகிறவர்கள் கணினியில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். லீவரை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். எண் எங்கும் தாவாமல் ஏற வேண்டும். மேசையில் இறுக்கும் கிளாம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். டோகாவுக்குத் தள்ளும்போது பெட்டியே நகர்ந்துபோனால், எத்தனை நல்ல பள்ளம் இருந்தும் விரலுக்கு எட்டாது.