நோட்டு சொன்ன பொய்

அறிவியல் துணுக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு முழுக்க எங்க தாத்தாவோட டிராக்டர்தான் நின்றது.

எங்கள் வீடு இங்கே டவுன்ஷிப்பில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. தாத்தாவும் ஆயாவும் காடாம்புலியூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். முந்திரி, பலா, கொஞ்சம் மல்லாட்டை. தாத்தாவிடம் சிவப்பு நிற மாஸி பெர்குசன் 1035 இருக்கிறது. 1986-ல் பேங்க் லோன் போட்டு வாங்கியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி தயாரிப்பு. பெயரில் இருக்கும் பெர்குசன், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் மூன்று இடத்தில் மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தவர். இன்றைக்கு ரோட்டில் போகும் டிராக்டர்களின் பின்னால் பாருங்கள், அந்த மூன்று இணைப்பு இருக்கும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது முந்திரி மரமெல்லாம் வேரோடு சாய்ந்ததாம். அப்போது சங்கிலி கட்டி மரங்களை இழுத்துப் போட்டது இந்த வண்டிதான். இப்போது உழவுக்கு ரோட்டவேட்டர் மாட்டிய பெரிய டிராக்டர் வாடகைக்கு வருகிறது. எங்கள் மாஸி கொல்லையில் உள்ள ஷெட்டில் சும்மா நிற்கிறது.

"ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டிக்குத்தான்டா பண்டுதம் ஜாஸ்தி" என்பார் தாத்தா. டீசல் டேங்கை நிரப்பியே வைக்கணும். காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலில் இறங்கும். கிளட்ச் பெடலை அமுக்கிக் கட்டை வைக்கணும். இல்லாவிட்டால் தட்டு ஒட்டிக்கொள்ளும். சைலன்சர் குழாய்மேல் டப்பா கவிழ்க்கணும். ஏர் கிளீனரில் எலி கூடு கட்டாமல் பார்க்கணும். முக்கியமாக, மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் ஓடவிடணும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளியே போகும்.

போன வருஷம் தாத்தாவுக்கு முட்டிவலி. கொல்லைக்கு நடக்க முடியவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது. வண்டியின் ஹவர் மீட்டர் ஓடாது, அதனால் ஒரு நோட்டு. தேதி, எவ்வளவு நேரம் ஓட்டினேன், என்ன ஊற்றினேன், எல்லாம் எழுதணும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச். சாவியைப் போட்டு, இரண்டு நிமிஷம் உறுமவிட்டு, ஆஃப் செய்துவிட்டு வந்துவிடுவேன். நோட்டில் "30 நிமிடம்" என்று எழுதுவேன். நம்புகிற மாதிரி இருக்கட்டுமே என்று "ரேடியேட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்" என்றும் சேர்த்துக்கொள்வேன். ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோரும் நிற்கிறோம். சாவியைத் திருப்பினால் "கிர்... கிர்... டிக்". அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் வந்து ஆயில் மூடியைத் திறந்தார். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"மாசாமாசம் அரைமணி ஓடியிருக்கு. அப்படியும் ஆயில்ல தண்ணி. ரேடியேட்டர்லயும் மாசம் ஒரு லிட்டர் குறைஞ்சிருக்கு. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் பெரியவரே. எஞ்சினைப் பிரிக்கணும்."

"அதுக்குச் செலவு பண்றதுக்கு, காயலான் கடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்றார் சித்தப்பா. தாத்தா மட்கார்டைத் தடவிக்கொண்டே, "சரி, பேசி விடு. புள்ள ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டான். வண்டிக்கு வயசாயிடுச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் குத்தியது. அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நிறைந்திருந்தது. சிரித்துவிட்டார். எஞ்சின் சூடேறாமலே நிறுத்தியதால் ஈரம் ஆயிலில் தங்கிவிட்டது. ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட்டைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நிமிஷம் போதாததால் பேட்டரி இறங்கிவிட்டது. கேஸ்கெட்டுக்கு ஒன்றுமில்லை! ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, மறுநாள் திருப்பினால் "டப் டப் டப்" என்று பிடித்துக்கொண்டது. தாத்தா என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பைக்கில் அப்பா சொன்னார்: "சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிக்கு அடியில ஊத்துத்தண்ணி அழுத்திக்கிட்டே இருக்கும். ராத்திரி பகலா பம்பு ஓடணும். ஒரு ஷிப்ட்டுக்காரன் எழுதி வெச்சதை நம்பித்தான் அடுத்த ஷிப்ட்டுக்காரன் உள்ள இறங்குறான். எழுதாம விட்டாக்கூட நாம போய்ப் பார்ப்போம். பொய்யா எழுதினா யாரும் பார்க்க மாட்டாங்கடா."

இப்போதும் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. போன மாதம் பரீட்சை இருந்ததால் போகவில்லை. "ஓட்டவில்லை" என்று எழுதினேன். தாத்தா அதைப் படித்துவிட்டு, "இப்பதான்டா இது நோட்டு" என்றார்.

நண்பர்களே, லேப் ரெக்கார்டில் அளவு எழுதும்போது எங்கள் மாஸியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்