டேராடூனில் குக்குரி வாங்குவோர்க்கு

தில்லித் தமிழன்பர்கள் கோடை விடுமுறையில் முசூரிக்குச் செல்லும் வழியில் டேராடூனில் ஒரு பொழுதேனும் தங்குவது வழக்கம். மணிக்கூண்டையும் சகஸ்ரதாராவையும் கண்டு, பாசுமதி அரிசி வாங்கிக்கொண்டு திரும்புவர். மலையேற்றத்தில் விருப்பங் கொண்ட இளைஞர் எவரேனும் உடனிருப்பின், கூர்க்காக்களின் குக்குரிக் கத்தியும் அப்பட்டியலில் சேர்ந்துவிடும்.

அவ்வூருக்கும் அக்கத்திக்கும் உறவு பழையது. 1814-இல் நாளாபானிக் குன்றின் மீதிருந்த கலங்காக் கோட்டையில், பலபத்திரர் தலைமையில் கூர்க்காக்களின் சிறு படையொன்று கும்பினிப் படையை எதிர்த்து நின்றது. ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி அங்கே மாண்டார். குடிநீர் அடைபட்ட பின்னரே கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் தம் வீரர்க்கு மட்டுமன்றிப் பகைவர்க்கும் நினைவுத்தூண் எழுப்பியது வியப்பிற்குரியது. சகஸ்ரதாராச் சாலைப் பக்கம் செல்வோர் அதனையும் கண்டு வரலாம்.

இனிக் கடைக்கு வருவோம். முகப்பில் மினுமினுக்கும் குக்குரிகள் பெரும்பாலும் சுவரில் மாட்டத் தக்கவை. துருப்பிடிக்காத எஃகு, பித்தளைச் சிங்கத் தலை, வெல்வெட்டு உறை ஆகியவற்றுக்கே விலை. பின்னே மூலையில் கறுத்துக் கிடப்பவை லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்தவை, விலை குறைவு. திருப்பாச்சேத்தி அரிவாளைக் கையாண்ட நம்மவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் மலிவானவை யாவும் நல்லவை என எண்ணற்க. மெத்தென்ற இரும்புத் தகட்டை வெட்டித் தீட்டியவையும் அதே மூலையில் கலந்திருக்கும்.

குக்குரியின் உயிர் தோய்ச்சலில் உள்ளது. கொல்லன் காய்ந்த அலகின் வாய்ப்பகுதியில் மட்டும் நீரூற்றி அதனைக் கடினமாக்குகிறான். முதுகு சற்று மென்மையாக இருந்து அடியைத் தாங்குகிறது. கடைக்காரர் இசைந்தால் சிறு அரத்தால் தேய்த்துப் பாருங்கள். வாயில் அரம் வழுக்க வேண்டும். முதுகில் பற்ற வேண்டும். இரண்டிலும் பற்றினால் எத்துணை அழகாயினும் வைத்துவிடுங்கள். அடுத்தது பிடி. மெல்லிய காம்பை அரக்கிட்டுச் செருகியது பழைய முறை; நாளடைவில் தளர்வதுண்டு. அகன்ற காம்பின் இருபுறமும் மரம் வைத்து ஆணியறைந்தது வெளியூர்ப் பயணத்திற்கு உறுதியானது.

கூடுதல் பணம் தருவதாயின் உறைக்குத் தருக என்பதே என் கருத்து. தையல் நைந்த உறையை அலகு கிழித்துக்கொண்டு வந்து விரலைப் பதம் பார்த்துவிடும். உருவும்போதும் கத்தியின் முதுகுப் பக்கமாகவே உறையைப் பிடிக்க வேண்டும்.

அளவிலும் ஆசை வேண்டாம். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்குமென அமைந்தவை நீங்கலாக, 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஆயுதமென்றே கொள்கின்றன. அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் தேவை. ஆதலின் பெரிய குக்குரியை வாங்குமுன் தம் ஊர் நிலையை விசாரித்தல் நன்று. விமானத்தில் கைப்பையில் எக்கத்தியும் கூடாது. உண்மையில் கயிறறுக்கவும் காய் நறுக்கவும், அதே உறையில் செருகியுள்ள கர்தா என்னும் சிறு கத்தியே போதுமானது.

வில்பட்டை எஃகு துருவேறும். பயணம் முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி, தோலுறையில் வைக்காமல் துணியிற் சுற்றி வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.