ஷோரூம் மூடினால் வாரன்டி என்னாகும்? ஓசூர் டு கிருஷ்ணகிரி... ஒரு நெடுஞ்சாலைப் பாடம்!

அத்திப்பள்ளியோடு கர்நாடகம் முடிகிறது. அடுத்து ஜூஜூவாடி. கடைப் பலகைகளில் கன்னட எழுத்து குறைந்து தமிழ் எழுத்து கூடும்போதே தமிழ்நாடு வந்தாயிற்று என்று தெரிந்துவிடும். ஆனால், பேச்சில் அப்படியொரு கோடு கிடையாது. ஓசூர் டீக்கடையில் ஒருவர் தமிழில் டீ கேட்பார், பக்கத்தில் இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார், காசு கொடுப்பவர் கன்னடத்தில் சில்லறை கேட்பார்.

வாசலில் நிற்கும் வண்டிகளும் அப்படித்தான். ஓசூரின் டி.என். 70, கிருஷ்ணகிரியின் டி.என். 24, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் கே.ஏ. 51 என்று எல்லாமே வரிசைகட்டி நிற்கும். வீடு ஓசூரில், வேலை பெங்களூரில், கார் வாங்கியது இரண்டில் ஏதோ ஓர் ஊரில்... இங்கே இது சர்வ சாதாரணம்.

அதனாலேயே இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. கார் வாங்கிய ஷோரூமை மூடிவிட்டால் வாரன்டி ரிப்பேருக்கு எங்கே போவது? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

வண்டி செய்யும் ஊர்

ஓசூரைச் சுற்றி ஒரு ரவுண்ட் வந்தால், வண்டி பற்றிய கவலைக்கே இடமில்லை என்றுதான் தோன்றும். சிப்காட் வருவதற்கு முன் இது மலைக்கோயிலும் ஏரிகளும் குளிர்ந்த காற்றுமாக இருந்த எல்லையோரச் சின்ன ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. அதே காலகட்டத்தில் அசோக் லேலண்ட் லாரி தொழிற்சாலையும் வந்தது. பின்னாலேயே டைட்டன் கடிகாரம். பெரிய கம்பெனிகளுக்குப் போல்ட்டும் கியரும் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை.

இப்போது எலெக்ட்ரிக் காலம். ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. கிருஷ்ணகிரி தாண்டி போச்சம்பள்ளி பக்கம் போனால், சுமார் 500 ஏக்கரில் ஓலாவின் தொழிற்சாலை. மாந்தோப்புகளுக்கு நடுவே ஸ்கூட்டர் விளைகிற பூமி இது.

ஆனால், ஒரு வண்டியைச் செய்வது ஒரு வேலை. விற்ற பிறகு அதைப் பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பேர்போன இதே தமிழ்நாட்டில்தான், இரண்டாவது வேலை எப்படி ஆட்டம் காணும் என்பதற்குப் பெரிய உதாரணமும் நடந்தது.

2021 செப்டம்பர் 9

அன்றுதான் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை, குஜராத்தின் சனந்தில் இன்னொன்று. ஃபிகோ, ஆஸ்பயர், ஈகோஸ்போர்ட் என்று நடுத்தரக் குடும்பங்கள் கடன் போட்டு வாங்கிய கார்கள் இவை. மறைமலைநகரில் 2022 ஜூலையோடு உற்பத்தி நின்றது.

வெளியே அதிகம் பேசப்படாத அடி, டீலர்கள் மீது விழுந்தது. ஃபோர்டுக்கு நாடு முழுக்க 170 டீலர்கள், 391 ஷோரூம்கள், அவற்றில் சுமார் 40,000 ஊழியர்கள் என்று அப்போது வாகன டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா கணக்குச் சொன்னது. விற்கப் புதுக் கார் இல்லாமல் அத்தனை பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு வாடகை கொடுக்க யாரால் முடியும்? போர்டு இறங்கியது. சில இடங்களில் பின்னால் இருந்த சர்வீஸ் செட் மட்டும் ஓடியது. சில இடங்களில் அதுவும் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 2017-ல் செவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையை நிறுத்தியது. இரண்டு நிறுவனங்களுமே, ‘சர்வீஸும் உதிரிபாகமும் வாரன்டியும் தொடரும்’ என்று வாக்குக் கொடுத்தன.

இந்த வாக்குறுதி காற்றில் சொன்னது அல்ல, காகிதத்திலும் உண்டு. சிக்கல், தூரத்தில்தான் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நடந்த வேலைக்கு, இப்போது பெரிய நகரத்தில் மிச்சமிருக்கும் சர்வீஸ் சென்டரைத் தேடிப்போக வேண்டும். ஓசூர்க்காரருக்கு பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரருக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒருநாள் லீவு, டோல், பெட்ரோல் எல்லாம் கைக்காசு. ஓடாத காராக இருந்தால் இழுத்துப்போகும் செலவு வேறு. இலவச ரிப்பேர் என்பதன் விலை அப்போதுதான் தெரியும்.

பட்டறை அண்ணன்கள்

வாரன்டி முடிந்த கார்களுக்கு இந்தப் பக்கம் கவலை கொஞ்சம் குறைவு. காரணம், ஓசூரின் இருப்பிடம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் தெருவையே அடைத்துக்கொண்டு இருக்கின்றன. சென்னையில் புதுப்பேட்டை. இந்த இரண்டு சந்தைகளையும் இணைக்கும் சாலை ஓசூர் வழியாகத்தான் போகிறது. பட்டறைக்காரர் போனில் பார்ட் நம்பரைச் சொன்னால், பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கிவிடும்.

கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் நல்ல பட்டறையில் முடிந்துவிடும். ஆனால், ஏர்பேக், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் போன்ற வேலைகளில் கம்பெனியின் சாஃப்ட்வேர் இல்லாமல் பல நேரம் கை வைக்க முடியாது. வாரன்டி மிச்சமிருக்கும் வண்டியை வெளியே பிரித்தால், ‘அந்த வேலையால் வந்த கோளாறு’ என்று கம்பெனி மறுக்கவும் வழி உண்டு. ஆகவே வாரன்டி காலம் முடியும்வரை அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர்தான் பாதுகாப்பு.

ஸ்கூட்டருக்கும் இதே கதை

பழைய டீலர் முறையே இல்லாமல், கம்பெனியே நேரடியாக விற்பது புதுப் பாணி. போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலாவும் அப்படித்தான் வளர்ந்தது. விற்பனை வேகத்துக்கு சர்வீஸ் ஈடுகொடுத்ததா என்ற கேள்வி 2024-ல் வெடித்தது. ஒரு வருடத்தில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு 10,644 புகார்கள் வந்ததாகச் சொல்லி, அந்த அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவிகிதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது.

தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறதே என்று போச்சம்பள்ளி கேட்டில் போய் நின்றால் ரிப்பேர் நடக்காது. வண்டி பிறந்த ஊராக இருந்தாலும், அதற்கு வேண்டியது சர்வீஸ் சென்டரில் காலியாக இருக்கும் ஒரு லிஃப்ட், ஒரு மெக்கானிக், ஸ்டாக்கில் அந்தப் பார்ட்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி

வாரன்டி கொடுப்பது ஷோரூம் அல்ல, வண்டியைத் தயாரித்த கம்பெனி. ஷோரூம்காரர் அந்த வேலையைச் செய்துகொடுத்து, காசைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்பவர். அவர் கடையை மூடினாலும் கம்பெனியின் பொறுப்பு போகாது.

வாரன்டியில் பார்ப்பது சேசிஸ் எண்ணைத்தான், நம்பர் பிளேட்டை அல்ல. ஓசூரில் வாங்கிய வண்டியை பெங்களூரிலும், பெங்களூரில் வாங்கியதை கிருஷ்ணகிரியிலும் அதே கம்பெனியின் எந்த அதிகாரபூர்வ சென்டரிலும் காட்டலாம். ‘எங்க கிட்ட வாங்கலையே’ என்று சொன்னால், அங்கேயே நின்று கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரன்டி. அதைக் கம்பெனியே தருகிறதா, டீலர் தருகிறாரா, வேறு நிறுவனமா என்று காகிதத்தில் பெயரைப் பாருங்கள். டீலரிடம் முன்பணம் கட்டிய சர்வீஸ் பேக்கேஜுக்கும் இதே கேள்வி. ரசீதில் அவர் பெயர் மட்டும் இருந்து, அவரும் கடையை மூடிவிட்டால், அந்தப் பணத்தை மீட்பதுதான் கஷ்டம்.

கைவசம் இருக்க வேண்டியவை

* வாங்கிய பில், வாரன்டி புத்தகம், ஒவ்வொரு சர்வீஸின் பில். போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

* வண்டியை விடும்போது ஜாப் கார்டு. என்ன கோளாறு என்று நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். தேதி முக்கியம்.

* வாரன்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் அல்லது மெயிலில் கேளுங்கள். வாய் வார்த்தை எங்கும் செல்லாது.

* பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

* அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரில் வாங்கிய காருக்கு ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே முறையிட முடியும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பது நல்லது. பிரச்னை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம்.

அடுத்த வண்டி வாங்கும் முன்

மறைமலைநகர் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. கதவு திறந்தால் தொழிலாளர்களுக்கு நல்லது. ஆனால், மூடிய ஷோரூம்களின் கண்ணாடிகளுக்குப் பின்னால் இப்போது வேறு கடைகள் வந்துவிட்டன.

ஷோரூமுக்குப் போகும் பெரும்பாலான குடும்பங்கள் பார்ப்பது கலர், மைலேஜ், இ.எம்.ஐ. மூன்றையும்தான். இனி நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: “இந்த ஷோரூமை விட்டால், பக்கத்தில் உங்க கம்பெனி சர்வீஸ் சென்டர் வேற எங்க இருக்கு?” சேல்ஸ்மேன் உடனே இரண்டு ஊர் பெயரைச் சொன்னால் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். யோசிக்க ஆரம்பித்தால், நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்!