இளைத்தவருக்கும் கொள்ளு

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைக் கேட்காத கோயமுத்தூர்க்காரர் இருக்க மாட்டார். கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல் என்று எங்கள் பக்கம் கொள்ளு இல்லாத சமையலறை கிடையாது. சளி பிடித்தாலும் கொள்ளு, தொப்பை விழுந்தாலும் கொள்ளு. ஆனால் இந்தப் பழமொழியின் பின்பாதி எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஓர் அநியாயம் செய்கிறது. அதுதான் இன்றைய பதிவு. சாப்பாட்டைப் பற்றிய பதிவு என்றதும் "டயட் சார்ட்டா, ஆளை விடுப்பா" என்று ஓடிவிடாதீர்கள். கணக்கு கொஞ்சமாகத்தான் வரும் :-)

முதலில் எங்கள் அமுச்சியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா (கொங்குக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக!). வயது 74. பல்லடம் பக்கம் ஒரு கிராமம். ஐந்து வருடம் முன்பு வரை எருமைக்குத் தட்டு அறுத்துத் தலையில் தூக்கி வந்தவர். போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் பாயிலிருந்து எழுந்திருக்க சுவரைப் பிடிக்க ஆரம்பித்தார். வாசல் தாண்டிப் போவது குறைந்தது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வசனம்தான் பேசினார்கள்: "வயசாச்சல்லொ, இனி அப்பிடித்தான்."

வயசானால் அப்படித்தானா? இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

நம் தசை முப்பது வயதுக்குப் பிறகே மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. பத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. இதற்கு 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தவர் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர், 1980களின் கடைசியில். கிரேக்க மொழியில் சதை இழப்பு என்று பொருள். 2001-ல் லிண்டா ஃப்ரீட் என்பவரும் அவர் குழுவினரும் முதுமைத் தளர்ச்சியை அளக்க ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை வேகம் குறைவது, நடமாட்டம் குறைவது. இதில் மூன்று இருந்தால் அந்த ஆள் தளர்ந்துவிட்டார் என்று கணக்கு. தளர்ந்தவர் விழுவார், விழுந்தால் எலும்பு முறியும், முறிந்தால் மறுபடி படுக்கை. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், அதோடு படுத்தவர்தான்" என்று எத்தனை துக்க வீட்டில் கேட்டிருக்கிறோம்!

அந்தப் பத்து நாள் படுக்கைக்கு வருகிறேன். 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, அன்றாட அளவு புரதமும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை காணாமல் போனது. காய்ச்சலோடு, ரொட்டியும் கஞ்சியும் மட்டும் குடித்துப் படுத்திருப்பவர் கதையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தச் சதையைத் திரும்பக் கட்ட என்ன வேண்டும்? வீடு கட்டச் செங்கல் மாதிரி, தசைக்குப் புரதம். இங்கேதான் ஒரு வேடிக்கை. வயதானால் சாப்பாடு குறையும், எனவே புரதமும் கம்மியாகப் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை நேர் எதிர். இளசான உடம்பு கொஞ்சம் புரதம் கிடைத்தாலே தசை கட்டக் கிளம்பிவிடும். வயதான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகக் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும். அதாவது ஒரே வேளையில் கூடுதலாகப் புரதம் கொடுக்க வேண்டும். நம் ஊர் ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட அளவு, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. அமுச்சி எடை 50 கிலோ. அப்படியானால் ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவே உட்கார்ந்து அவர் சாப்பிட்டதை எழுதினேன். காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் இரண்டு கரண்டி சோறு, ரசம், பொரியல் பேருக்கு, கடைசியில் கொஞ்சம் தயிர். இரண்டு வேளை காப்பி. இரண்டு பிஸ்கட். ராத்திரி இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. தோராயமாகக் கூட்டினால் 6 + 9 + 3 + 1 + 4. மொத்தம் 23 கிராம். பாதிகூட இல்லை! வயிறு நிறைகிறது, பசியும் இல்லை. ஆனால் செங்கல் வரவில்லை, வெறும் மணல் லோடுதான் வந்து இறங்குகிறது.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? பக்கத்தில் நாமக்கல், நாடு முழுக்க முட்டை அனுப்புகிற ஊர். சத்துணவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. பால் சொசைட்டி இல்லாத கிராமம் குறைவு. ஆனால் வீட்டில் வயதானவர் தட்டுக்கு இவை வந்து சேருவதில்லை. காரணம் வறுமை மட்டும் இல்லை. அமுச்சி, அப்புச்சி போனதிலிருந்து கவிச்சி தொடுவதில்லை. முட்டை எடுத்துப் போனால் "எனக்கெதுக்கு சாமி, நீ தின்னு, படிக்கிற பையன்" என்று என் பக்கமே தள்ளுவார். பல் போய்விட்டதால் கடலை மெல்ல முடியாது. பருப்பு வாயு என்று ஒரு பயம். பாலை விற்றுவிட்டு மிச்சத்தில்தான் காப்பி. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

கொள்ளு? "நானே எலும்பும் தோலுமா கெடக்கறேன், கொள்ளத் தின்னா இன்னும் எளச்சுப் போயிருவனாட்ட இருக்குது." பழமொழி செய்த வேலை! கொள்ளு ஆளை உருக்கிவிடும் என்று நம்பி, இளைத்தவர்கள் அதை ஒதுக்குகிறார்கள். ஆனால் 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். அரிசியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வண்டி மாட்டுக்கும் ரேக்ளா காளைக்கும் கொள்ளு வேகவைத்துப் போடுகிறோமே, அது இளைக்கவா? அமுச்சியிடம் இந்தக் காளைக் கதையைத்தான் சொன்னேன். விஞ்ஞானத்துக்கு மசியாதவர் காளைக்கு மசிந்தார்.

முட்டை இல்லாமலே கணக்கைச் சரி செய்ய முடியுமா என்று பார்த்தோம். காலை இட்லிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலையை நைசாக அரைத்த சட்னி, 5 கிராம். மதியம் ரசத்துக்கு முன்னால் கொள்ளுப் பருப்பு, நன்றாகக் கடைந்தது, 6. தயிர் இன்னொரு அரைக் கிண்ணம், 3. சாயங்காலம் ஒரு டம்ளர் பால், 6. ராத்திரி பச்சைப்பயிறு கடைசல், 7. கூடுதல் 27. பழைய 23-ஐயும் சேர்த்தால் 50! கடையில் வாங்க வேண்டிய டப்பா எதுவும் இல்லை. எல்லாமே அவர் கல்யாணமாகி வந்த காலத்திலேயே அந்த அடுப்பில் வெந்தவைதான். அரிசியில் குறைகிற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. நம்முடைய அரிசிம்பருப்புச் சாதத்தை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுத் துணுக்கு. இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சி தொடங்கியதே நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூரில்தான். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாப் எலிகள் திடமாக வளர்ந்தன. வெறும் சோற்றையே பெரும்பாலும் நம்பிய நம் சென்னை மாகாண எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அந்தக் கூடம்தான் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் நம் தட்டில் இன்னும் சோறுதான் மலையாக இருக்கிறது.

ஆனால் புரதம் மட்டும் போட்டால் தசை வந்துவிடாது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய். 1994-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 87 உள்ள 100 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. செங்கல் வந்தால் போதாது, கொத்தனாரும் வர வேண்டும். எங்கள் வீட்டுக் கொத்தனார் ஒரு மர நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, முதலில் ஐந்து தடவை, பிறகு பத்து. பிறகு மாரியம்மன் கோயில் வரை நடை.

இதை நீங்களும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்பது 2019-ல் ஆசிய மருத்துவர்கள் வகுத்த அளவு. பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நம் பக்கம் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்று மாதம் ஆகிறது. அமுச்சி இப்போது சுவரை விட்டுவிட்டார், ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுகிறார். இது பருப்பாலா, நாற்காலியாலா, காய்ச்சல் விட்டு நாளானதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு அமுச்சியை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது இல்லையா? தட்டு அறுக்கப் போகிற நிலைக்கு அவர் திரும்பப்போவதும் இல்லை. ஆனால் கக்கூசுக்குத் துணையில்லாமல் தானே போய்வருகிறார். 74 வயதில் அது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அடுத்த முறை லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அப்பத்தாவோ அமுச்சியோ நம் தட்டில் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். ரசச்சோறு மட்டும் இருந்தால், ஒரு கரண்டி பருப்பை எடுத்து நீங்களே ஊற்றுங்கள்.