பேசாலை மேடையில் ஒரு கைதி

மன்னார்த் தீவுக்குப் பெருநிலத்திலிருந்து பாலம் கடந்து செல்வோரை முதலில் எதிர்கொள்வது கடலோரத்துப் பழங்கோட்டை. 1560ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் எழுப்பிய அக்கோட்டை, 1658இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது.

கோட்டையைக் கடந்து தலைமன்னார்ச் சாலையில் சென்றால், பனைகளுக்கும் மணல்வெளிக்கும் நடுவே பேசாலை என்னும் மீனவர் ஊர் தோன்றும். இவ்வூருக்குப் புகழ் தேடித்தந்தது ‘உடக்குப் பாஸ்’. உருவச் சிலைகளைக் கொண்டு இயேசுநாதரின் திருப்பாடுகளைக் காட்டும் இக்கலை தவக்காலத்துக்கு உரியது.

இந்நாடகத்தின் நாயகர் யார்? இரவில் பிடிக்கப்பட்டவர், கட்டுண்டு அதிபதியின் முன் நிறுத்தப்பட்டவர், இரு குற்றவாளிகளின் நடுவே உயிர்விட்டவர். உலகத்தார் கண்ணில் அவர் ஒரு கைதியே அன்றோ? அவருக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் நாட்டுச் சிறைகளில் அடைபட்டிருப்போரை ஒரு நாளேனும் நினைத்ததுண்டா?

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்து அங்கோலாச் சிறையில், ஆயுள் தண்டனை பெற்றோர் மிகப் பலர். 2012இல் அங்குள்ள கைதிகள், பெண்கள் சிறையிலிருந்து வந்தோருடன் கூடி, இதே திருப்பாடுகளின் வரலாற்றை நடித்தனர். தீர்ப்பளிக்கும் பிலாத்துவும் கைதி. தீர்ப்பை ஏற்பவரும் கைதி! குற்றவாளிக் கூண்டில் மட்டுமே நின்றறிந்தவர், நீதிபதியின் இருக்கையிலிருந்தும் உலகைக் கண்டனர்.

அண்டை நாடான இந்தியாவிலும் இம்முயற்சி நிகழ்ந்துள்ளது. மைசூர் ரங்காயணத்தின் நடிகர் ஹுலுகப்பா கட்டிமணி, கர்நாடகச் சிறைக் கைதிகளைப் பழக்கி, மாக்பெத் கதையைத் தழுவிய கன்னட நாடகத்தை மேடையேற்றினார். கொலையால் அரியணை ஏறி, அக்கொலையாலேயே உறக்கமிழந்தவனின் கதை அது. அதனைக் கைதிகள் நடிக்கையில், கேட்போர்க்கு மட்டுமா நெஞ்சு நடுங்கும்?

நாடகம் குற்றத்தைக் கழுவிவிடாது. இழந்தோரின் துயரையும் ஆற்றிவிடாது. ஆனால், வசனத்தை மனனம் செய்யவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும், பிறன் நெஞ்சத்துள் புகுந்து பேசவும் அது கற்பிக்கிறது. தண்டனை முடிந்து வெளியே வருபவனுக்கு இவை வேண்டாமா?

இதற்கு வேண்டிய கலை மன்னார் மண்ணிலேயே இருக்கிறது. நாட்டுக்கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சிறைவாயிலுக்குள் வாரம் ஒரு மாலை சென்று வர இசைந்தால், அதிகாரிகளும் அதற்கு இடமளித்தால், அதுவே நல்ல தொடக்கமாகும்.